பந்து கையில் இல்லாத 36 நிமிடங்கள்: கூடைப்பந்தும் கதைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்தவள் நான். பள்ளி அணியில் பாயின்ட் கார்டாக, அதாவது பந்தை எடுத்துவந்து ஆட்டத்தை வழிநடத்துபவளாக ஆடினேன். இப்போது வேலை புதுச்சேரியில். மாலையில் ஆடுகிறேன், இரவில் கூடைப்பந்துக் கதைகளைப் படிக்கிறேன், சில கதைகளை எழுதியும் இருக்கிறேன். உடன் ஆடும் பிள்ளைகளும், அவர்களை அழைத்துவரும் பெற்றோரும், என் கதைகளைப் படித்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஊரெல்லாம் கிரிக்கெட் பார்க்கும்போது உங்களுக்கு மட்டும் கூடைப்பந்து மீது ஏன் இவ்வளவு பற்று?

களத்தில் 10 பேர், பந்து ஒன்று. சர்வதேச விதிப்படி 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு; மொத்தம் 40 நிமிடங்கள். எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒருவர் கையில் பந்து இருப்பது 4 நிமிடம்தான். மீதி 36 நிமிடம் அவர் என்ன செய்கிறார்? எதிராளியின் வழியை மறிக்கிறார். தோழி ஓடிவர இடம் விட்டு விலகுகிறார். வளையத்தில் பட்டுத் தெறிக்கப்போகும் பந்துக்காக முன்கூட்டியே முதுகைக் கொடுத்து இடம் பிடிக்கிறார். இவற்றில் பெரும்பகுதி ஸ்கோர் தாளில் ஏறுவதில்லை. ஆனால் வெற்றியும் தோல்வியும் அங்கேதான் தீர்மானமாகின்றன.

அந்த 36 நிமிடத்தைப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இந்த ஆட்டம் அலுக்கவே அலுக்காது. நான் கதைகளைத் தேடிப் போனதும் அதனால்தான். களத்தில் எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. கதை அதே நொடியை நிறுத்திவைத்து, யார் எங்கே நின்றார்கள், ஏன் நகர்ந்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று காட்டுகிறது.

இந்த விளையாட்டு நம் பக்கம் எப்படி வந்தது?

1891 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்பீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உருவாக்கியது இது. பனிக்காலத்தில் கூரைக்குள் அடைபட்டிருந்த மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. இரண்டு பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் அறைந்தார். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றும் உலகெங்கும் வளையத்தின் உயரம் அதே 10 அடி, அதாவது 3.05 மீட்டர். முதலில் வகுத்த 13 விதிகளில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட இடமே இல்லை. பிடித்த இடத்திலிருந்து எறிய வேண்டும். பாஸ்தான் ஆட்டத்தின் ஆதி என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் பள்ளி பள்ளியாக ஆசிரியர்களாகப் போனார்கள். நம் மாவட்டங்களில் பழைய பள்ளிக்கூடங்களின் பின்புறம் சிமெண்ட் ஆடுகளமும் இரண்டு கம்பங்களும் நிற்கின்றன என்றால், அதற்குப் பின்னால் உடற்கல்வி ஆசிரியர்களின் இந்த நீண்ட வரிசை இருக்கிறது. நாம் போதிய நன்றி சொல்லாத மனிதர்கள் அவர்கள்.

அக்கா, நான் குள்ளம். ஆடலாமா?

ஆடு. மக்ஸி போக்ஸ் என்பவரின் உயரம் 5 அடி 3 அங்குலம். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் 14 பருவங்கள் ஆடினார். உயரமானவர்கள் பந்தைத் தரையில் தட்டும்போது அது அவர்களின் இடுப்பளவுக்கு எழும்பும். அந்த உயரம் நம் கைக்குத்தான் வசதி. குனிந்து தட்டவும், இரண்டு கையாலும் தட்டவும், தலை நிமிர்ந்து களத்தைப் பார்த்தபடி தட்டவும் பழகு. இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டே தோழியோடு பேசிக்கொண்டு நடக்க முடிகிற நாளில் உன் உயரத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

'ஸ்லாம் டங்க்' என்று எப்போதும் சொல்கிறீர்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஜப்பானிய ஓவியர் தக்கேஹிகோ இனோவே எழுதி வரைந்த படக்கதை அது. 1990 முதல் 1996 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் வந்தது, 31 தொகுதிகள். ஷோஹோகு என்ற உயர்நிலைப் பள்ளியில் சேரும் சகுராகி ஹனமிச்சி என்ற முரட்டுப் பையனுக்குக் கூடைப்பந்தின் அரிச்சுவடி கூடத் தெரியாது. ஒரு பெண்ணின் மனத்தைக் கவர வேண்டும் என்பதற்காக அணியில் சேர்கிறான். அவன் ஒன்றும் தெரியாதவன் என்பதால், அவன் கற்கும்போது நாமும் கற்கிறோம். மூலையில் தனியாக நின்று பந்தைத் தட்டும் அலுப்பான நாட்களைக்கூட இனோவே விடாமல் வரைந்திருக்கிறார். எகிறிப் பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் ஒன்றே ஆட்டம் என்று நம்புகிறான் சகுராகி. வளையத்தருகே ஓடிவந்து பந்தை மெல்ல ஏற்றிவிடும் எளிய லே-அப்பைச் சாமானியர்களின் ஷாட் என்று இளக்காரம் செய்துவிட்டு, பிறகு அதற்காகவே வியர்வை சிந்துகிறான்.

என்னைக் கட்டிப்போட்ட இடம் வேறு. அவனுக்கு ஷாட் போட வராது. அணித் தலைவன் அக்காகி அவனிடம் ஒப்படைக்கும் வேலை ரீபவுண்ட், அதாவது தவறிய ஷாட்டில் தெறிக்கும் பந்தைக் கைப்பற்றுவது. எதிராளியை முதுகால் மறித்து, முழங்காலை மடக்கி, இடத்தைக் காத்துக்கொண்டு, பிறகுதான் பந்தைப் பார்க்க வேண்டும். கதாநாயகனுக்கு இப்படியொரு வேலையைக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! படித்து முடித்தபின் நான் பார்த்த எந்த ஆட்டத்திலும் ஷாட் கிளம்பியவுடன் என் கண் பந்தோடு போகவில்லை. வளையத்துக்கு அடியில் நடக்கும் முட்டலுக்கும் மோதலுக்கும் போனது.

படித்துப் பழக்கமில்லை. திரைப்படம் பார்த்தால் போதுமா?

போதும், ஆனால் அது வேறொரு வாசல். 1993 முதல் 1996 வரை வந்த 101 பாகத் தொலைக்காட்சித் தொடர், கதையின் உச்சமான சன்னோ பள்ளியுடனான ஆட்டத்துக்கு வரும் முன்பே நின்றுவிட்டது. அந்த ஆட்டத்தைத் திரையில் காண 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தை இனோவே தானே இயக்கினார். இயக்கும்போது சகுராகியை நடுவிலிருந்து நகர்த்திவிட்டு, 168 செ.மீ. உயரமுள்ள பாயின்ட் கார்டு மியாகி ரியோத்தாவை நாயகனாக்கினார். ஓகினாவா தீவுச் சிறுவன் அவன். அவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த அண்ணன் படகில் கடலுக்குப் போகிறான்; திரும்பி வரவில்லை.

கடலூர்க்காரர்களுக்கு அந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை. தேவனாம்பட்டினத்திலும் அதை ஒட்டிய கரையோரக் கிராமங்களிலும் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வளர்ந்தவர்கள், அண்ணனின் இடத்தில் நிற்கும் தம்பிகளையும் அக்காவின் பொறுப்பைச் சுமக்கும் தங்கைகளையும் பார்த்தே வளர்ந்தார்கள். அந்தத் தாயும் மகனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரோடொருவர் பேச முடியாமல் தவிக்கும் இடங்களில் படம் ஆட்டத்தை மறந்துவிடுவதில்லை. மறுகணமே பந்து தரையில் மோதும் ஓசை வருகிறது. துக்கமும் ஆட்டமும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன படம் எனக்கு வேறு அமையவில்லை.

கதையின் கடைசி ஆட்டம் ஏன் அவ்வளவு பேசப்படுகிறது? (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.)

கடைசி நொடிகளை இனோவே ஏறத்தாழ வசனமே இல்லாமல் வரைந்தார். பக்கம் பக்கமாக ஓடும் கால்கள், கைகள், முகங்கள் மட்டுமே. கடைசிப் பந்து சகுராகியின் அணியிலேயே ஆடும் ருகாவாவின் கையில் இருக்கிறது. கதை முழுக்கச் சகுராகிக்குப் பந்து கொடுக்க மனம் வராதவன் அவன். இப்போது கொடுக்கிறான். சகுராகி போடுவது டங்க் அல்ல. ஒரு வாரத்தில் 20,000 முறை போட்டுப் பழகிய, எம்பி எறியும் சாதாரண ஜம்ப் ஷாட். 79–78 என வெற்றி. கதையின் பெயரே டங்க் என்றிருக்க, அதன் உச்சத்தை ஒரு பாஸிலும் ஒரு எளிய ஷாட்டிலும் வைத்திருக்கிறார்.

அடுத்த சுற்றில் அந்த அணி தோற்றுப்போகிறது. அதை ஓரிரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார். கோப்பை கொடுக்காமல் விட்டாரே என்று என்னிடம் குறைபட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் குறையே இல்லை. மாவட்டப் போட்டியில் பலமான அணியோடு உயிரைக் கொடுத்து ஆடி வென்றுவிட்டு, மறுநாள் காலையில் காலை ஊன்ற முடியாமல் தோற்ற எல்லாருக்கும் அது உண்மை என்று தெரியும்.

'குரோகோ'வில் வருவதுபோல் கண்ணுக்குத் தெரியாமல் பாஸ் கொடுக்க முடியுமா?

மறைய முடியாது, கவனத்தைத் திருப்ப முடியும். 2008 முதல் 2014 வரை வந்த அந்தப் படக்கதையின் நாயகன், யார் கண்ணிலும் படாத இயல்பை வைத்துப் பந்தைத் திசைமாற்றுகிறான். களத்தில் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மறுபக்கம் பந்து கொடுப்பது அன்றாடம் நடப்பது. தடுப்பவர் உன் கண்ணைத்தான் படிக்கிறார். அந்தக் கண்ணால் பொய் சொல்லலாம். 28 மீட்டர் நீளக் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தவறாமல் ஷாட் போடும் கதாபாத்திரத்தைப் பார்த்துவிட்டு அதையே பயிற்சி செய்ய வேண்டாம். தோள்பட்டைதான் போகும். ஆனால் பாஸ் கொடுப்பவனை நாயகனாக்கிய கதை என்பதால் எனக்கு அதன்மீது தீராத அன்பு உண்டு.

வேறு எதைப் படிக்கலாம்?

இனோவேயின் 'ரியல்'. 1999இல் தொடங்கிய இது சக்கர நாற்காலிக் கூடைப்பந்தைப் பற்றியது. அந்த ஆட்டத்திலும் வளையத்தின் உயரம் அதே 3.05 மீட்டர்தான். ஒவ்வொருவரின் உடல் இயக்கத்துக்கேற்ப 1.0 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டுப்புள்ளி 14ஐத் தாண்டக் கூடாது. ஆகவே குறைபாடு குறைந்தவர்களை மட்டும் வைத்து அணி அமைக்க முடியாது. இந்த விதியை முதன்முதலில் அறிந்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்து நெடுநேரம் யோசித்தேன். ஸ்லாம் டங்க்கை விட நிதானமானது, கசப்பானது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம். கல்லூரிக்குப் போனபின் படிக்கட்டும்.

நீங்கள் எழுதும் கதைகளில் ஆட்டத்தை எப்படி எழுதுகிறீர்கள்? எனக்கு எழுதினால் நேர்முக வர்ணனைபோல் ஆகிவிடுகிறது.

முழு ஆட்டத்தையும் எழுத முயல்வதால் அப்படி ஆகிறது. ஸ்கோர் எண்களை வரிசையாக அடுக்கினால் வாசகர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார். நான் ஒரு ஆட்டத்தில் மூன்று நான்கு தாக்குதல்களை மட்டும் எடுத்துக்கொள்வேன். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 24 நொடி.

அந்த 24 நொடிக்கே ஒரு கதை உண்டு. 1950 நவம்பரில் போர்ட் வெய்ன் அணி, மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19–18 என்று வென்றது. பந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியே வென்றார்கள். பார்க்க வந்தவர்கள் நொந்துபோனார்கள். 1954இல் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் ஒரு கணக்குப் போட்டார். என்.பி.ஏ.வின் 48 நிமிட ஆட்டத்தில் 2,880 நொடிகள். விறுவிறுப்பான ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 ஷாட்டுகள் போடுகின்றன. வகுத்தால் 24. அந்த நேரத்துக்குள் ஷாட் போட்டாக வேண்டும் என்ற விதி என்.பி.ஏ.வைக் காப்பாற்றியது. எழுதுபவருக்கு அது கையில் கிடைத்த வரம். ஒவ்வொரு 24 நொடிக்கும் ஒரு விருப்பம், ஒரு தடை, ஒரு முடிவு இருக்கிறது. ஒரு காட்சிக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது, ஓசையை உங்கள் களத்திலிருந்து எடுங்கள். வெளிநாட்டுக் கதைகளில் காலணி கிறீச்சிடும். அது மெருகேற்றிய மரத்தரை. நம் சிமெண்ட் தரையில் காலடியில் மணல் நறநறக்கும். பலகை அதிரும். பக்கத்துத் தெருவில் கோயில் ஒலிபெருக்கி பாடும். ரப்பர் பந்தின் புள்ளிகள் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கும். இவை வந்துவிட்டால் ஆட்டம் திருப்பாதிரிப்புலியூரில் நடக்கிறதா டோக்கியோவில் நடக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.

மூன்றாவது, எழுதும் முன் களத்தை வரைந்து பத்துப் பேரையும் புள்ளியாக வைத்துவிடுங்கள். பந்து உள்ளவரை எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்ற ஒன்பது பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எழுத வேண்டாம், தெரிந்தால் போதும்.

உங்கள் கதையில் வரும் தேவனாம்பட்டினத்துப் பெண் கடைசிவரை ஒரு புள்ளிகூட எடுக்கவில்லையே, ஏன்?

அதிகம் வந்த கேள்வி இதுதான். அவள் வேலை ஸ்கிரீன் போடுவது. ஓடிவரும் தோழியைத் துரத்துபவருக்குக் குறுக்கே தூண்போல் நின்று, மோதலைத் தன் மார்பில் வாங்கி, தோழிக்கு ஒரு எட்டு இடைவெளி ஏற்படுத்தித் தருவது. அந்த ஒரு எட்டில்தான் ஷாட் பிறக்கிறது. கைதட்டல் ஷாட் போட்டவளுக்குப் போகிறது. கடைசியில் அவளுக்கும் ஒரு கூடை கொடுத்திருக்கலாம் என்று அன்போடு எழுதினார்கள். கொடுத்திருந்தால், அதுவரை அவள் செய்தது எல்லாம் அந்தக் கூடைக்கான காத்திருப்பு என்று ஆகியிருக்கும். அவள் எதற்கும் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தன் வேலையை முழுதாகச் செய்துகொண்டிருந்தாள். அணியில் எல்லாரும் முதலில் தேடும் முகம் அவளுடையது என்று கதையில் எழுதியிருக்கிறேன். அந்த வரி எனக்குப் போதும்.

கடற்கரை ஊரில் திறந்தவெளியில் ஆடுவதில் என்ன சிக்கல்?

காற்று. பிற்பகலுக்குப் பிறகு கொண்டல் எழுந்தால் தூரத்து ஷாட் நிச்சயம் விலகும். வளையத்தின் விட்டம் 45 செ.மீ., பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. கணக்குப்படி இடம் தாராளம்; ஆனால் 6.75 மீட்டர் தொலைவிலுள்ள மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து (அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) எறிந்த பந்து காற்றில் கொஞ்சம் நகர்ந்தாலே விளிம்பில் பட்டுவிடும். காற்று வலுத்த நாளில் உள்ளே புகுந்து ஆடுங்கள், பலகையைப் பயன்படுத்துங்கள். உப்புக் காற்றில் இரும்பு வளையம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன் வண்ணம் பூசிவிடுவது நல்லது. ஈரத் தரையில் ஆடவே வேண்டாம். முட்டியில் அடிபட்டால் ஒரு பருவமே போய்விடும்.

கடலூர்க்காரர் புதுச்சேரி அணிக்கு ஆடலாமா?

இரண்டு ஊருக்கும் இடையே பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் தேசியப் போட்டிகளில் கடலூர் தமிழ்நாட்டின் கணக்கில் வரும். புதுச்சேரிக்குத் தனி அணி உண்டு. எந்தப் பக்கம் பதிவு செய்கிறீர்களோ அந்தப் பக்கம்தான். மாலையில் ஒன்றாக ஆடும் இரண்டு பேர் தேசியப் போட்டியில் எதிரெதிரே நிற்க நேரலாம். எனக்கு அது அழகாகவே படுகிறது.

பெண் பிள்ளையை அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. கல்யாணம் ஆனால் எல்லாம் நின்றுவிடும் அல்லவா?

அம்மா, நெய்ஸ்மித் ஆட்டத்தைக் கண்டுபிடித்த மறு ஆண்டே, 1892இல், ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்துவிட்டார். பெண்களுக்கு இது இரவல் ஆட்டம் அல்ல. நம் தமிழ்நாட்டின் அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கியவர். தாயான பிறகும் களத்துக்குத் திரும்பி நாட்டுக்காக ஆடினார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தயக்கம் இருந்தால் பயிற்சிக்கு நீங்களும் வந்து உட்காருங்கள். யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கேட்க வேண்டியதைத் தயங்காமல் கேளுங்கள்.

இதில் வேலை கிடைக்குமா?

உறுதி சொல்ல மாட்டேன். ரயில்வே, காவல்துறை, பொதுத்துறை வங்கிகள் ஆகியவை அணிகள் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் அரசுப் பணிக்கும் பொறியியல் சேர்க்கைக்கும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். வேலைக்காக மட்டும் ஆடும் பிள்ளை சீக்கிரம் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

நேரலையில் பார்க்க வேண்டுமானால் எப்போது எழ வேண்டும்?

என்.பி.ஏ. ஆட்டங்கள் நமக்கு விடியற்காலையில் வரும். பனிக்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணி என்றால் இங்கே காலை 5.30. டீ போட்டுக்கொண்டு உட்காரத் தோதான நேரம்.

ஒலிம்பிக்கைத் தவறவிடாதீர்கள். 2024 பாரிஸ் ஆண்கள் இறுதியாட்டம் நமக்கு ஆகஸ்ட் 11 நள்ளிரவு தாண்டி 1 மணிக்குத் தொடங்கியது. அமெரிக்கா 98, பிரான்ஸ் 87. கடைசி மூன்று நிமிடத்துக்குள் அமெரிக்காவின் ஸ்டெபன் கரி நான்கு மூன்று புள்ளி ஷாட்டுகளை இறக்கினார். பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட குடும்பங்கள் வாழும் புதுச்சேரியில் அந்த ஆட்டத்துக்கு வேறொரு சூடு இருந்தது. அன்று மாலையே பெண்கள் இறுதி. கடைசி நொடியில் பிரான்சின் கேபி வில்லியம்ஸ் எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே போனது. ஆனால் அவர் காலணியின் நுனி மூன்று புள்ளிக் கோட்டின் மேல் இருந்தது. மூன்றுக்குப் பதில் இரண்டு. 67–66, அமெரிக்காவுக்குத் தங்கம். இதை நான் கதையில் எழுதியிருந்தால் வாசகர்கள் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

மூன்று பேர் ஆட்டம் என்கிறார்களே, அது என்ன?

அரைக் களம், ஒரே வளையம், அணிக்கு மூவர். 10 நிமிடம் அல்லது 21 புள்ளி, எது முன்னோ அதோடு முடியும். ஷாட் போட 12 நொடிதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமானது. ஆறு பேர் சேர்ந்தால் ஆடலாம் என்பதால் சிறிய ஊர்களுக்கு மிகவும் ஏற்றது.

பதினொரு வயது மகளுக்கு எந்தப் பந்து வாங்குவது?

5ஆம் எண். 7ஆம் எண் ஆண்களுக்கு, 6 பெண்களுக்கு. 5 சிறுவர் சிறுமியருக்கு. பெரிய பந்து வாங்கிக் கொடுத்தால் பிள்ளை நெஞ்சிலிருந்து தள்ளி எறியப் பழகிவிடும். பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. சிமெண்ட் தரையென்றால் ரப்பர் பந்தே வாங்குங்கள். தோல் பந்து அங்கே சீக்கிரம் உரிந்துவிடும். காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மகளின் தலையளவு உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே எழும்பினால் போதும். ஊசியோடு ஒரு சிறிய கைப்பம்பும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.